பள்ளியில் அரசியல் கட்டாயப் பாடமாக வேண்டுமா? பெற்றோரும் மாணவரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

2024 ஏப்ரல் 19, மக்களவைத் தேர்தல் நாள். எனக்கு வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் பணி. வேறு ஊரில் ஓர் அரசுப் பள்ளி. பிளஸ் டூ வகுப்பறைதான் சாவடி. மதியத்துக்கு மேல் ஒரு பெண் வந்தாள். 18, 19 வயதிருக்கும், முதல் ஓட்டு. விரலில் மை வைத்தாயிற்று. இயந்திரத்தை நோக்கிப் போனவள் பாதியில் நின்று என் மேசைக்கு வந்து, சின்னக் குரலில் கேட்டாள்: “மேடம், இது சி.எம்-முக்கா, பி.எம்-முக்கா?”

இரண்டுக்கும் இல்லம்மா, எம்.பி-க்கு என்று ஒரு வரியில் சொன்னேன். சாவடிக்குள் அதற்கு மேல் பேசுவது முறையல்ல. அவள் தலையாட்டிவிட்டுப் போய் ஓட்டைப் போட்டாள். அந்தக் கேள்விக்கான பதிலை 12 வருடப் படிப்பில் யாராவது அவளுக்குப் புரியும்படி சொல்லியிருக்க வேண்டும். அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டியவர்கள் என்னைப் போன்றவர்கள்தான்.

அரசுப் பள்ளியில் 19 வருடமாகச் சமூக அறிவியல் நடத்துகிறேன். அரசாங்கம் எப்படி நடக்கிறது, அரசியல் என்றால் என்ன என்பதை ஓட்டுரிமை வரும் வயது வரை, எந்தப் பிரிவு எடுத்த பிள்ளைக்கும் பள்ளி கற்றுத்தர வேண்டும் என்பது என் நிலை. இதைச் சொல்லும்போதெல்லாம் வந்து விழும் கேள்விகளையும் என் பதில்களையும் கீழே எழுதியிருக்கிறேன்.

பத்தாவது வரைக்கும் குடிமையியல் இருக்கிறதே, அது போதாதா?

இருக்கிறது. தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் 6 முதல் 10 வரை சமூக அறிவியல் புத்தகத்துக்குள் வரலாறு, புவியியல், பொருளியலோடு குடிமையியலும் ஒரு பகுதி. புத்தகம் மோசமில்லை. 8-ல் மாநில அரசு, நீதித்துறை. 9-ல் தேர்தல், அரசியல் கட்சிகள், அழுத்தக் குழுக்கள், உள்ளாட்சி அமைப்புகள். 10-ல் அரசியலமைப்பு, மத்திய அரசு, மாநில அரசு, அதன்பின் வெளியுறவு பற்றி இரண்டு பாடங்கள்.

பாடம் நின்றுபோகும் இடம்தான் எனக்கு உறுத்துகிறது. பத்தாவது முடிக்கும் பிள்ளைக்கு வயது 15 அல்லது 16. பிளஸ் ஒன்னில் கணிதம்-உயிரியல் எடுத்தாலும் வணிகவியல் எடுத்தாலும் குடிமையியல் அத்தோடு சரி. கலைப் பிரிவில் அரசியல் அறிவியல் எடுப்பவர்கள் மட்டும் தொடர்ந்து படிப்பார்கள். அந்தப் பிரிவே இல்லாத மேல்நிலைப் பள்ளிகள் எங்கள் வட்டாரத்திலேயே இருக்கின்றன. அரசியலமைப்பின் 61-வது திருத்தம் 1989-ல் நடைமுறைக்கு வந்தபோது வாக்களிக்கும் வயது 21-லிருந்து 18 ஆனது. நாடு பிள்ளைகள் கையில் ஓட்டை மூன்று வருடம் முன்னதாகவே கொடுத்துவிட்டது. பள்ளியோ அந்த வயதுக்கு இரண்டு மூன்று வருடம் முன்பே பாடத்தை மூடிவைத்துவிடுகிறது.

இன்னொரு குறையும் உண்டு. பத்தாவதில் இந்தப் பாடத்தை நாங்கள் நடத்தும் விதம். “முகவுரை எத்தனை முறை திருத்தப்பட்டது?” “ஒரு முறை.” “பஞ்சசீலம் எந்த ஆண்டு?” “1954.” வகுப்பே ஒரே குரலில் சொல்லும். முகவுரை 1976-ல் ஏன் திருத்தப்பட்டது, அப்போது நாட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று கேட்டால் அமைதி. கேட்பதற்கு எனக்கும் நேரமிருப்பதில்லை. திருப்புதல் தேர்வு வந்து நிற்கும்.

“அரசு” பற்றிப் படித்தால் போதாதா? “அரசியல்” எதற்கு?

சலூனிலும் டீக்கடையிலும் “இங்கு அரசியல் பேசக் கூடாது” என்று போர்டு மாட்டி வளர்ந்தவர்கள் நாம். நம் காதில் அரசியல் என்ற சொல் கட்சி, கொடி, சண்டை என்றுதான் விழுகிறது. அதனால் அரசின் அமைப்பைச் சொல்லிக்கொடுங்கள், அரசியல் வேண்டாம் என்கிறார்கள்.

பிரிக்கப் பார்த்தால் பாடம் செத்துவிடுகிறது. சட்டப்பேரவையில் 234 பேர் என்பது அரசு பற்றிய தகவல். அந்த 234 பேரும் கூடி உட்கார்ந்து, இந்த வருடப் பணத்தில் எவ்வளவு பள்ளிக்கு, எவ்வளவு சாலைக்கு என்று முடிவு செய்கிறார்கள். அதில் ஒருவர் கை ஓங்குகிறது, ஒருவர் தோற்கிறார். அரசியல் என்பது அதுதான். எங்கள் ஊர் மேல்நிலைத் தொட்டியிலிருந்து எந்தத் தெருவுக்கு முதலில் தண்ணீர் திறப்பது என்பதும் அரசியல்தான். எண்ணிக்கையை மட்டும் சொல்லி முடிவெடுக்கும் விதத்தை மறைத்தால், கிரிக்கெட்டில் ஓர் அணிக்கு 11 பேர் என்று மட்டும் சொல்லிவிட்டு ஆட்டத்தைக் காட்டாமல் விட்டது போல.

ஆளுங்கட்சி தன் பெருமையைப் பாடப் புத்தகத்தில் ஏற்றிவிடாதா?

ஏற்றப் பார்க்கும். எதிர்ப்புக் கேள்விகளில் எனக்கு மிகவும் கனமாகத் தெரிவது இதுதான். இதற்கு மழுப்பலாகப் பதில் சொல்ல மாட்டேன்.

2011 நினைவிருக்கிறதா? எல்லாப் பள்ளிக்கும் ஒரே பாடத்திட்டம் என்ற சமச்சீர் கல்வி முந்தைய வருடம் 1, 6 வகுப்புகளில் தொடங்கியிருந்தது. மற்ற வகுப்புகளுக்கு வர வேண்டிய நேரத்தில் ஆட்சி மாறியது. புதிய அரசு அதை நிறுத்திவைத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், ஆகஸ்ட் 9-ம் தேதி நடைமுறைப்படுத்தச் சொல்லித் தீர்ப்பு வந்தது. பள்ளி திறந்து ஏறக்குறைய இரண்டு மாதம் பிள்ளைகள் கையில் புத்தகமே இல்லை. வந்த புத்தகங்களிலும் முந்தைய முதல்வர் சம்பந்தப்பட்ட பகுதிகளின் மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? நகத்தால் சுரண்டினார்கள், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்கள். ஒரு பையன் புத்தகத்தை என்னிடம் நீட்டி, “இதுக்குக் கீழ என்ன டீச்சர் இருக்கு? ஏன் ஒட்டினாங்க?” என்றான். என் பணிக்காலத்தில் கேட்ட மிகச் சிறந்த குடிமையியல் கேள்வி அது. அன்று எனக்கு வாய் வரவில்லை. “பாடத்தைக் கவனி” என்றேன். இன்றும் அதற்காக வருத்தப்படுகிறேன்.

மத்தியப் பாடத்திட்டத்திலும் இதே கதை. 2012-ல் என்.சி.இ.ஆர்.டி-யின் 11-ம் வகுப்பு அரசியல் அறிவியல் புத்தகத்தில் அம்பேத்கர் பற்றிய ஒரு பழைய கார்ட்டூனுக்கு எதிராக நாடாளுமன்றமே கொந்தளித்தது. புத்தகத்தின் தலைமை ஆலோசகர்களான யோகேந்திர யாதவும் சுஹாஸ் பல்ஷிகரும் பதவி விலகினார்கள். அதே வருடம் 12-ம் வகுப்புப் புத்தகத்தில் இந்தி எதிர்ப்புப் போராட்டம் பற்றி இருந்த கார்ட்டூன் மாணவர்களை இழிவுபடுத்துகிறது என்று தமிழ்நாட்டுக் கட்சிகள் எதிர்த்தன. அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. 1965-ல் உயிர் போன வீடுகள் இங்கே உண்டு. 2020-ல் கொரோனாவைக் காரணம் காட்டி சி.பி.எஸ்.இ பாடச்சுமையைக் குறைத்தபோது, 11-ம் வகுப்பில் அந்த வருடத்துக்கு விடுபட்டவை எவை தெரியுமா? கூட்டாட்சி, குடியுரிமை, தேசியவாதம், மதச்சார்பின்மை. 2023-ல் 10-ம் வகுப்புப் புத்தகத்திலிருந்து மக்கள் போராட்டங்கள் பற்றிய பாடமும் ஜனநாயகத்துக்கான சவால்கள் பற்றிய பாடமும் எடுக்கப்பட்டன. சுமை குறைப்பு என்பதுதான் அப்போதும் சொன்ன காரணம்.

ஆக, பயம் நியாயம். ஆனால் இந்தப் பயத்தால் பாடமே வேண்டாம் என்றால் என்ன ஆகும்? புத்தகத்தில் ஸ்டிக்கர் ஒட்டினால் ஒட்டியது தெரியும். வழக்குப் போடலாம், பத்திரிகை எழுதும், ஒரு பையன் சுரண்டிப் பார்ப்பான். வாட்ஸ்அப்பில் வருவதில் எது ஒட்டியது, எது அசல் என்றே தெரியாது. பாடமும் அட்டவணையில் இல்லையென்றால் பிள்ளைக்கு மிஞ்சுவது அந்த வாட்ஸ்அப் மட்டும்தான்.

சரி, ஆசிரியரே தன் கட்சியைத் திணித்தால்?

தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1973 எங்களைக் கட்டுப்படுத்துகின்றன. கட்சியில் சேரக் கூடாது, பிரச்சாரம் செய்யக் கூடாது. அதற்காக எங்களுக்குச் சார்பு இல்லை என்று சொல்ல மாட்டேன். நானும் ஓட்டுப் போடுகிறவள்தான்.

விதியை விட எனக்கு உதவியாக இருப்பது ஜெர்மனிக்காரர்கள் கண்டுபிடித்த வழி. ஹிட்லர் காலத்துப் பள்ளிகள் பிள்ளைகளை என்ன செய்தன என்று பார்த்த நாடு அது. 1976-ல் பாய்டெல்ஸ்பாக் என்ற ஊரில் அரசியல் கல்வி நடத்துவோர், வலது இடது என்று எதிரெதிர் நிலையில் இருந்தவர்கள், கூடிப் பேசினார்கள். அங்கிருந்து வந்த மூன்று கோட்பாடுகள் இன்றும் அங்கே மதிக்கப்படுகின்றன. ஒன்று, மாணவரை உங்கள் கருத்துக்குள் அமுக்காதீர்கள். இரண்டு, வெளியே சர்ச்சையில் இருக்கும் விஷயம் வகுப்பிலும் சர்ச்சையாகவே வர வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் காட்டுவதே திணிப்புதான். மூன்று, மாணவர் தன் நிலைமையையும் நலனையும் தானே எடைபோட்டு, அதற்காகச் செயல்படக் கற்க வேண்டும்.

இரண்டாவதைத்தான் நான் பிடித்துக்கொள்கிறேன். வகுப்பில் ஒரு பக்கம் பேசினால், மறுபக்கத்தை அதைவிட நன்றாகப் பேசிக் காட்டாமல் மணி அடிக்க விடக் கூடாது. சொல்வது எளிது, எனக்குப் பிடிக்காத கட்சியின் வாதத்தை நேர்மையாக எடுத்து வைக்க முந்தைய நாள் ராத்திரி உட்கார்ந்து தயார் செய்ய வேண்டியிருக்கிறது. “டீச்சர், நீங்க எந்தக் கட்சி?” என்று பிள்ளைகள் வருடாவருடம் கேட்கிறார்கள். கண்டுபிடிக்க முடியாமல் குழம்பிப்போய்க் கேட்டால் பாடம் சரியாகப் போகிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

நீட்டுக்குப் படிக்கிற பிள்ளைக்கு இது எதற்கு?

எஸ்.எம்.சி (பள்ளி மேலாண்மைக் குழு) கூட்டத்தில் ஓர் அப்பா கேட்டார்: “எம் புள்ள டாக்டராகணும் டீச்சர், கவுன்சிலர் ஆக வேணாம்.”

நீட் வேண்டுமா வேண்டாமா என்பதே இந்த மாநிலத்தின் பெரிய அரசியல் கேள்விகளில் ஒன்று என்று அவருக்குச் சொன்னேன். பேரவை ஒரு மசோதாவை நிறைவேற்றுகிறது, ஆளுநரிடம் போகிறது, குடியரசுத் தலைவரிடம் போகிறது. கல்வி 1976 வரை மாநிலப் பட்டியலில் இருந்து, 42-வது திருத்தத்தில், மத்திய அரசும் மாநிலமும் சட்டம் போடக்கூடிய பொதுப் பட்டியலுக்குப் போனது. உங்கள் பிள்ளை எந்தத் தேர்வு எழுத வேண்டும் என்பதை யார் முடிவு செய்கிறார்கள், அந்த அதிகாரம் அவர்களுக்கு எங்கிருந்து வந்தது என்பது உங்கள் பிள்ளைக்குத் தெரிய வேண்டாமா? அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “வாரத்துக்கு எத்தனை பீரியட்?” என்று கேட்டார். இரண்டு போதும் என்றேன்.

மார்க் இல்லாவிட்டால் யார் படிப்பார்கள்?

பொதுத் தேர்வு மதிப்பெண் வேண்டாம் என்பதுதான் என் கருத்து. என் சக ஆசிரியர்களில் பாதிப்பேர் இதில் எனக்கு எதிர். மார்க் இல்லாத பாடத்தின் பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொள்வார், உடற்கல்விப் பாடத்துக்கு நடப்பதுபோல, என்கிறார்கள். உண்மைதான், நானே பார்த்திருக்கிறேன்.

ஆனாலும் மார்க் வந்த மறு மாதம் கைடு வரும். கைடு வந்தால் ஒன் மார்க் வரும். “கிராம சபை ஆண்டுக்கு எத்தனை முறை கூடும்?” “6.” முடிந்தது. அதனால் தேர்வுக்குப் பதிலாக ஒரு செயல்பாட்டுப் பதிவேடு வைக்கலாம். வேதியியலுக்கு ரெக்கார்டு நோட்டு இருப்பது போல. அது இல்லாமல் ஹால் டிக்கெட் இல்லை என்றால் எழுதிவிடுவார்கள். அந்த இரண்டு பீரியடையும் யாரும் தொடக் கூடாது என்று தலைமையாசிரியர் நிற்க வேண்டும். அவர் நிற்காத பள்ளியில் எந்த உத்தரவும் நடக்காது.

வகுப்பில் இதை எப்படித்தான் நடத்துவது?

9-ம் வகுப்பு உள்ளாட்சிப் பாடத்தை நான் நடத்தும் விதத்தைச் சொல்கிறேன்.

ஊரக உள்ளாட்சித் தேர்தலில் கிராமத்து வாக்காளர் ஒரே நேரத்தில் நான்கு ஓட்டுப் போடுகிறார். வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்ட ஊராட்சி உறுப்பினருக்கு மஞ்சள். முதல் இரண்டும் கட்சி சார்பற்றவை. பின்னிரண்டில் கட்சிச் சின்னம் உண்டு. இது புத்தகத்தில் படித்தால் தலைக்குள் போகாது. நான்கு நிறத்தில் சார்ட் பேப்பர் வாங்கி, சீட்டாக வெட்டி, ஆளுக்கு நான்கு கொடுப்பேன். முதலில் ஒரே கேள்வி: “பச்சைச் சீட்டில் யார் ஜெயித்தார் உங்கள் ஊரில்?”

தலைவர் பெயர் எல்லோருக்கும் தெரியும். பச்சை ஒருவருக்கும் தெரியாது. மஞ்சள் பற்றிக் கேட்கவே வேண்டாம். வீட்டில் கேட்டு வரச் சொல்வேன். மறுநாள் பாதிப்பேர், “அப்பாவுக்கும் தெரியல டீச்சர்” என்பார்கள். அப்போது வகுப்பில் ஒரு கலகலப்பு வரும். பெரியவர்களுக்குத் தெரியாததை நாம் கண்டுபிடிக்கப் போகிறோம் என்ற குஷி.

ஒரு முறை ஒரு பெண், “எங்கம்மாதான் டீச்சர் வார்டு மெம்பர்” என்றாள். எல்லோரும் கை தட்டினார்கள். கூட்டத்தில் என்ன பேசினார்கள் என்று அம்மாவிடம் கேட்டு வரச் சொன்னேன். அவள் சாதாரணமாகச் சொன்னாள்: “கூட்டத்துக்கு அப்பாதான் போவாரு.” வகுப்பு ஒரு நிமிடம் பேசவில்லை. உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீத இடம் என்ற சட்டத்தை அதற்கு முந்தைய பீரியடில்தான் பெருமையாகச் சொல்லியிருந்தேன். பின் வரிசையிலிருந்து ஒரு பையன், “அப்ப சீட்டுல அம்மா பேரு எதுக்கு?” என்றான். அன்று திட்டமிட்ட எதையும் நடத்தவில்லை. அந்தக் கேள்வியிலேயே மணி அடித்துவிட்டது. அந்தப் பெண்ணை யாரும் கேலி செய்யாமல் பார்த்துக்கொண்டதுதான் அன்று நான் செய்த ஒரே வேலை.

பெரிய வகுப்பு என்றால் மாதிரி வாக்குப்பதிவு. நிஜத் தேர்தலில் வாக்குப்பதிவு தொடங்குமுன் வேட்பாளர்களின் முகவர்கள் கண்ணெதிரே குறைந்தது 50 ஓட்டுகள் போட்டு, எண்ணி, இயந்திரம் அச்சிடும் ஒப்புகைச் சீட்டோடு சரிபார்த்து, அழித்துவிட்டுத்தான் இயந்திரத்துக்கு சீல் வைக்கிறோம். முடிந்ததும் எத்தனை ஓட்டு பதிவானது என்று படிவம் 17சி எழுதி முகவர்களிடம் நகல் கொடுக்கிறோம். இதைப் பிள்ளைகளை முகவர்களாக உட்கார வைத்து, செருப்பு டப்பாவை ஓட்டுப்பெட்டியாக்கிச் செய்து காட்டலாம். யாரையும் நம்பாமல், ஆனால் எல்லோரும் ஒத்துக்கொள்ளும்படி ஒரு வேலையை எப்படி முடிப்பது என்று அப்போதுதான் புரிகிறது. மோசடி பற்றி ஃபார்வர்டு வந்தால் “17சி என்ன சொல்லுது?” என்று கேட்கத் தெரிந்த பிள்ளையை ஏமாற்றுவது கஷ்டம்.

பிளஸ் டூ என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம். ஒரு மனு எழுதி, 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, தபாலில் அனுப்பி, 30 நாள் காத்திருப்பது. மனுவைப் பெரியவர் பெயரில் அனுப்பலாம். கேள்வியை வடிவமைப்பது பிள்ளை. “ஏன் ரோடு போடவில்லை?” என்று கேட்டால் பதில் வராது, “இந்தத் தெருவுக்கு எந்தத் தேதியில் எவ்வளவு ஒதுக்கப்பட்டது, ஒப்பந்த நகல் தருக” என்று கேட்டால் வரும். இந்த வித்தியாசத்தைக் கற்றுக்கொள்வதே ஒரு மாதப் பாடம்.

குடவோலை முறை நம் பெருமை இல்லையா? அதைச் சொன்னால் போதாதா?

குடத்தில் பெயர் எழுதிய ஓலைகளைப் போட்டு, எடுத்து, ஊர்ச் சபைக்கு ஆள் தேர்ந்தெடுத்த இந்த முறையைச் சொல்லும் உத்திரமேரூர்க் கோயில் கல்வெட்டுகள் அருமையான ஆவணங்கள். முதலாம் பராந்தகன் காலம், கி.பி. 919, 921. கணக்குக் காட்டாமல் போனவரும் அவர் உறவினரும் போட்டியிட முடியாது என்ற விதியைப் படிக்கும்போது இன்றும் உடம்பு சிலிர்க்கும். ஆனால் முழுவதையும் படிக்க வேண்டும். அது பிராமணர் ஊரின் சபை. கால் வேலிக்கு மேல் நிலம், சொந்த மனையில் வீடு, 35 முதல் 70 வயது, வேத அறிவு என்று தகுதிகள் இருந்தன. வகுப்பில் அந்தத் தகுதிகளைப் பலகையில் எழுதி, “இதில் நம் வகுப்பில் யார் வீட்டிலிருந்து நிற்க முடியும்?” என்று கேட்பேன். ஒரு கையும் உயராது. 1951-52-ல் நடந்த முதல் பொதுத் தேர்தல் எவ்வளவு பெரிய விஷயம் என்பது அப்போது தானாகப் புரியும்.

சாதி, மதம் பற்றியெல்லாம் பேச வேண்டி வருமே, பள்ளிக்குள் பிரச்சினை வராதா?

பிரச்சினை ஏற்கெனவே பள்ளிக்குள்தான் இருக்கிறது. மணிக்கட்டுக் கயிற்றின் நிறத்தில், பேருந்தில் யார் எங்கே உட்காருகிறார்கள் என்பதில். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் பள்ளி மாணவர்கள். அதன்பின் அரசு அமைத்த நீதிபதி சந்துருவின் ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டும் கயிறு, மோதிரம், பொட்டு போன்றவற்றைத் தடுக்க வேண்டும் என்றது.

கயிற்றை அறுத்துவிடலாம். அரசியலமைப்பின் 17-வது பிரிவு தீண்டாமையை ஒழித்தது ஏன், அதை எழுதியவர்கள் எதை அனுபவித்தவர்கள் என்று யாரும் உட்கார்ந்து பேசாவிட்டால் வேறு நிறத்தில் வேறு இடத்தில் அது முளைக்கும். பேசுவதற்கு ஆசிரியர்களுக்குப் பயிற்சி வேண்டும்; அதில் சமரசம் கூடாது. பயிற்சி இல்லாதவர் கையில் இந்தப் பாடம் கத்திதான். எனக்கே முதல் சில வருடம் நாக்கு ஒட்டிக்கொண்டது.

பள்ளியில் மாணவர் தேர்தல் வைக்கலாமா?

வைக்கலாம், சின்னதாக. இப்போது வகுப்பு லீடர் எப்படி வருகிறார்? முதல் ரேங்க் வாங்கும் பிள்ளையை ஆசிரியர் கைகாட்டுகிறார். லீடரின் வேலை என்ன? ஆசிரியர் இல்லாதபோது பேசியவர்கள் பேரைப் பலகையில் எழுதுவது. அதிகாரம் என்றால் மேலிருந்து வருவது, பேசுகிறவரைப் பிடித்துக்கொடுப்பது என்று ஆறு வயதிலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிறோம். அதை மாற்றி, வகுப்பே ரகசிய ஓட்டில் தேர்ந்தெடுத்து, மாதம் ஒரு நாள் லீடர் எழுந்து நின்று “நீங்கள் கேட்ட மூன்றில் இது நடந்தது, இது நடக்கவில்லை” என்று பதில் சொல்லட்டும். போஸ்டர், கட்சிப் பெயர், பணச்செலவு எதுவும் வேண்டாம்.

மற்ற நாடுகளில் கட்டாயமா?

இங்கிலாந்தில் பெர்னார்ட் கிரிக் தலைமையிலான குழு 1998-ல் பரிந்துரைத்து, 2002-ல் 11 முதல் 16 வயது வரை குடிமைக் கல்வி கட்டாயமானது. ஆஸ்திரியா 2007-ல் வாக்களிக்கும் வயதை 16 ஆக்கியது. அங்கே பள்ளியில் படிக்கும்போதே ஓட்டுப் போடுகிறார்கள், பாடமும் ஓட்டும் ஒரே வருடத்தில் வந்துவிடுகின்றன. நாம் எதையும் அப்படியே எடுக்க வேண்டியதில்லை.

இதைப் படித்தால் நல்லவர்களுக்கு ஓட்டுப் போடுவார்களா? ஓட்டுக்குப் பணம் வாங்காமல் இருப்பார்களா?

அப்படி உறுதி தர முடியாது. பட்டினி கிடக்கும் வீட்டுக்கு வரும் ஆயிரம் ரூபாயைப் பாடத்தால் தடுக்க முடியும் என்று நான் நம்பவில்லை. உயிரியல் படித்தவர்கள் எல்லோரும் ஆரோக்கியமாக இருப்பதில்லை. அதற்காக உயிரியலை எடுத்துவிடுவதும் இல்லை. ரேஷன் கார்டில் பெயர் விடுபட்டால் எங்கே போவது, எந்தக் குறைக்கு எம்.எல்.ஏ, எதற்கு வார்டு உறுப்பினர், அதிகாரி இழுத்தடித்தால் அடுத்த கதவு எது என்று தெரிந்த பிள்ளை யாரிடமும் கெஞ்சி நிற்க வேண்டியதில்லை. எனக்கு அது போதும்.

அரசு இதைக் கொண்டுவரும்வரை வீட்டில் என்ன செய்யலாம்?

பிள்ளைக்கு 17 முடிந்தால் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் படிவம் 6 கொடுத்து வைக்கலாம். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளில் 18 நிறைவதை வைத்துப் பெயர் சேர்ப்பார்கள்.

சட்டப்பேரவையில் பட்ஜெட் வாசிக்கும் நாளில் அரை மணி நேரம் சேர்ந்து பாருங்கள். உங்கள் கட்சி எது என்று பிள்ளைக்குத் தெரிவதில் தப்பில்லை. அந்தக் கட்சி செய்த ஒரு தவறையும் உங்கள் வாயால் கேட்கட்டும்.

கிராமத்தில் இருந்தால் கிராம சபைக்குக் கூட்டிப் போங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு 6 நாள். ஓட்டர் லிஸ்டில் பெயர் உள்ளவர்கள்தான் உறுப்பினர்கள். ஆனாலும் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதை யாரும் தடுக்கப்போவதில்லை. பெரும்பாலும் பந்தல் பாதிதான் நிறைந்திருக்கும், மைக் கரகரக்கும், வரவு செலவை வேகமாக வாசிப்பார்கள். அப்புறம் பதிவேட்டை நீட்டிக் கையெழுத்துக் கேட்பார்கள். போடும் முன் அந்தப் பக்கத்தில் என்ன தீர்மானம் எழுதியிருக்கிறது என்று பிள்ளையை விட்டு உரக்கப் படிக்கச் சொல்லுங்கள்.